எட்டாத ஊர்களில் குழந்தைகளை வாசிக்க வைப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

எளிய கதை ஒன்றைத் தானே படித்துப் புரிந்துகொள்ள முடியாத பத்து வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் என்று உலக வங்கி கணக்கிட்டு வருகிறது. வருமானம் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலும் அவர்களின் பங்கு 53 விழுக்காடு என்று 2019இல் அது அறிவித்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022இல், அந்தப் பங்கு 70 விழுக்காட்டை எட்டியிருக்கும் என்று மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் பெயர் பதிந்து, வகுப்பில் உட்கார்ந்து, ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குப் போகிறவர்கள். பஸ் போகாத ஊர்களிலும், பெற்றோர் இருவருமே கூலி வேலைக்குப் போகும் வீடுகளிலும் நிலைமை இன்னும் மோசம்.

இதைக் கண்டு மனம் பொறுக்காதவர்கள் வழக்கமாகச் செய்வது புத்தகம் திரட்டுவது. நல்லெண்ணத்தோடு சேர்ந்த அந்தப் புத்தகங்கள் ஒரு விழாவில் ஒப்படைக்கப்படுகின்றன. அலமாரிக்குள் போகின்றன. தொலைந்துபோனால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அலமாரி பூட்டப்படுகிறது. அடுத்த மழைக்காலத்துக்குள் கரையான் முந்திக்கொள்கிறது. புத்தகம் போய்ச் சேர்ந்தால் வாசிப்பு தானாக வந்துவிடும் என்பது உண்மை அல்ல. முதலில் வேண்டியது குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் ஓர் ஆள். அடுத்தது தவறாமல் வரும் ஒரு நேரம். அதற்குப் பிறகுதான் புத்தகம். கட்டடம் இல்லாமலேயே எல்லாம் நடக்கும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த வரிசையிலேயே செல்கின்றன.

படி 1: புத்தகம் இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள்

வெறுங்கையோடு போய் ஊரைப் பாருங்கள். குழந்தைகள் காலையில் எங்கே இருக்கிறார்கள், பள்ளி விட்டதும் என்ன செய்கிறார்கள், தண்ணீர் எடுப்பது யார், ஆடு மேய்ப்பது யார், தம்பி தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு அலைவது யார் என்று கவனியுங்கள். வாசிப்பு நேரத்தை நீங்கள் முடிவு செய்யக்கூடாது. இந்த வேலைகள்தான் முடிவு செய்யும். பெண் குழந்தைகள் வராமல் போவதற்குப் பல இடங்களில் காரணம் ஆர்வமின்மை அல்ல. நாம் குறித்த நேரம் அவர்கள் குடத்தோடு நிற்கும் நேரமாக இருப்பதுதான்.

வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதை அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாடநூலின் மொழி ஒன்று, வீட்டு மொழி வேறொன்று என்றால் குழந்தை தன் காதில் என்றுமே விழாத சொற்களை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உலக மக்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்குத் தாங்கள் பேசும் அல்லது புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்று யுனெஸ்கோ 2016இல் சுட்டிக்காட்டியது. மலையிலும் காட்டோரத்திலும் எல்லைப்புறத்திலும் இருக்கும் ஊர்களில் இந்தச் சிக்கல் மிகுதி.

அறுவடை எப்போது, எந்த மாதங்களில் குடும்பங்கள் வேலை தேடி வெளியூர் போகின்றன, மழையில் பாதை எத்தனை நாள் துண்டிக்கப்படும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களிடமும் பெற்றோரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் ஒப்புதல் கேட்பது இந்தப் படியில்தான். ஆசிரியரைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் குறைசொல்லப்படுகிறார் என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் அதைப் போக்குவது கடினம்.

படி 2: வாசித்துக் காட்டும் ஆளைத் தேடுங்கள்

அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். பட்டம் தேவையில்லை. தங்குதடையின்றி வாசிக்கத் தெரிந்து, குழந்தைகளோடு தரையில் உட்கார மனமிருந்தால் போதும். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இளம்பெண்கள் பல ஊர்களில் மிகப் பொருத்தமாக அமைகிறார்கள். அவர்கள் வீட்டு மொழியையும் அறிவார்கள். எந்தக் குழந்தை எந்த வீட்டுப் பிள்ளை என்பதையும் அறிவார்கள்.

ஒருவரோடு நிறுத்தாமல் இருவரைப் பிடியுங்கள். திருமணம், வேலை, காய்ச்சல் என்று எது வந்தாலும் ஒருவர் போனதும் எல்லாமே நின்றுபோகும் நிலை வரக்கூடாது. குழந்தைகளின் பாதுகாப்புக்கும் இதுவே நல்லது: எந்தப் பெரியவரும் குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது, அமர்வு எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலேயே நடக்க வேண்டும் என்ற விதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கும் அதே விதிதான்.

இவர்களுக்கு மாதாந்திரத் தொகை ஒன்றைக் கொடுங்கள். ஏழை ஊர் ஒன்றில் தினமும் ஒரு மணி நேரம் உழைப்பவரிடம் 'சேவை' என்று சொல்லி வெறுங்கையைக் காட்டுவது நியாயம் இல்லை. புத்தகத்துக்குப் பணம் திரட்ட முடிகிற நமக்கு அதை வாசித்துக் காட்டுபவருக்கும் திரட்ட முடியும்.

பயிற்சியை நீட்டி முழக்க வேண்டாம். இரண்டு நாள் போதும்: முதல் நாள் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், மறுநாள் அவர்கள் குழந்தைகளுக்கு வாசிக்கட்டும். அதன்பின் மாதம் ஒருமுறை கூடி, எந்தக் கதை எடுபட்டது, எது படுத்துவிட்டது என்று பேசிக்கொண்டால் தொழில் தானாகக் கைவரும்.

படி 3: இடமும் நேரமும்

மரத்தடி, திண்ணை, வழிபாட்டிடத்தின் முற்றம், பள்ளி வராந்தா என்று எதுவானாலும் சரி. மூன்றே நிபந்தனைகள்: வெளிச்சம் வேண்டும், எந்தக் குழுவைச் சேர்ந்த குழந்தையும் தயங்காமல் நுழைய முடிய வேண்டும், மழைக்கு ஒரு மாற்றிடம் வேண்டும். இரண்டாவது நிபந்தனையில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'அந்தத் தெருவுக்கு எங்கள் பிள்ளைகள் வரமாட்டார்கள்' என்ற சொல் காதில் விழுந்தால் பொதுவான வேறிடத்தைப் பாருங்கள், அல்லது இரண்டு இடங்களில் மாறி மாறி நடத்துங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் நடத்துவதைவிட, வாரத்துக்கு நான்கு நாள் ஒரு மணி நேரம் நடத்துவது பன்மடங்கு பயன் தரும். குறித்த நேரத்துக்கு இரண்டே குழந்தைகள் வந்திருந்தாலும் தொடங்கிவிடுங்கள். அடுத்த நாள் மற்றவர்கள் ஓடி வருவார்கள்.

படி 4: புத்தகத் தேர்வு

முப்பது குழந்தைகளுக்குத் தொடக்கத்தில் நூறு, நூற்றைம்பது தலைப்புகள் போதுமானவை. அவற்றில் பதினைந்து தலைப்புகளையாவது நான்கைந்து பிரதிகளாக வாங்குங்கள். ஒரே கதையை நான்கு பேர் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பதில் கிடைக்கும் துணிச்சல் தனியாக வாசிக்கையில் கிடைப்பதில்லை.

பக்கத்துக்கு ஒரே வரியும் முழுப்படமும் கொண்ட புத்தகங்களே மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பதினோரு வயதுப் பையனுக்கும் அவை தேவைப்படும். ஆனால் 'சின்னப்பிள்ளைப் புத்தகம்' என்ற கூச்சம் அவனுக்கு வரும். ஆகவே எளிய வரிகளிலேயே பூச்சி, வண்டி, விண்மீன், ஆற்று மீன் என்று உண்மையான பொருள்களைப் பேசும் புத்தகங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கதை பிடிக்காத பிள்ளைகள் பலர் இந்தப் புத்தகங்கள் வழியாகத்தான் வாசிப்புக்குள் நுழைகிறார்கள். அறநெறியை ஊட்டுவதற்கென்றே எழுதப்பட்ட புத்தகங்களை அளவோடு வையுங்கள். குழந்தைகள் அவற்றை இரண்டாம் முறை எடுப்பதில்லை.

நன்கொடையாக வரும் பழைய புத்தகங்களைக் கண்டிப்போடு பிரியுங்கள். காலம் கடந்த பாடநூல், போட்டித் தேர்வு வழிகாட்டி, யாருக்கும் புரியாத மொழியில் அச்சான தடித்த கலைக்களஞ்சியம் ஆகியவை எண்ணிக்கையைக் கூட்டும். ஒரு குழந்தையைக்கூட வாசிக்க வைக்காது. கொடுத்தவரிடமே 'வேண்டாம்' என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.

பணம் குறைவாக இருந்தால் பொது உரிமத்தில் கிடைக்கும் கதைகள் பெரிய உதவி. பிரதம் புக்ஸ் என்ற குழந்தைகள் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் உட்பட நூற்றுக்கணக்கான மொழிகளில் படக்கதைகள் உள்ளன. அவற்றைத் தரவிறக்கி அச்சிடலாம், வேறு மொழிக்கு மாற்றலாம், அதற்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டால் போதும். ஆப்பிரிக்க மொழிகளுக்கு ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்ற தளம் இதே பணியைச் செய்கிறது. உங்கள் ஊரின் மொழியில் ஒரு புத்தகம்கூட இல்லையென்றால், எழுத்து குறைவான படக்கதை ஒன்றை எடுத்து, ஊர்க்காரர்களை உட்கார வைத்து வரிக்கு வரி அவர்கள் பேச்சிலேயே சொல்லச் சொல்லி எழுதி அச்சிடுங்கள்.

குழந்தைகளே செய்யும் புத்தகம் இதைவிடச் சிறந்தது. ஒரு குழந்தை நேற்று நடந்ததைச் சொல்கிறாள். நீங்கள் அதே சொற்களை மாற்றாமல் பெரிய எழுத்தில் எழுதுகிறீர்கள். அவள் படம் வரைகிறாள். தான் சொன்ன வரி என்பதால் அடுத்து என்ன சொல் வரும் என்று அவளுக்குத் தெரியும். எழுத்தே பிடிபடாத பிள்ளை முதன்முதலாக ஒரு முழு வாக்கியத்தை வாசிப்பதை இப்படித்தான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 5: வாசிப்பில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள்?

வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் இந்தியக் கிராமங்களில் குழந்தைகளின் கற்றல் நிலையை அறிய நடத்திவரும் அசர் ஆய்வு எளிய கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறது: சில எழுத்துகள், சில சொற்கள், நான்கு எளிய வரிகள் கொண்ட பத்தி, அதைவிடச் சற்று நீண்ட கதை. குழந்தை தடையின்றி வாசிக்கும் மிக உயர்ந்த படியே அதன் நிலை. கென்யா, தான்சானியா, உகாண்டா நாடுகளிலும் இதே வழியில் கணக்கெடுப்புகள் நடந்தன. ஒரு தாளும் சில நிமிடங்களும் இருந்தால் நீங்களும் இதைச் செய்துவிடலாம்.

ஒவ்வொரு குழந்தையாக, மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் கேளுங்கள். திருத்த வேண்டாம், மதிப்பெண் சொல்ல வேண்டாம். 'நன்றாகப் படித்தாய், இந்தப் புத்தகத்தைப் பார்' என்று அந்தப் படிக்கு ஏற்ற ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

படி 6: அந்த ஒரு மணி நேரம்

முதல் இருபது நிமிடம் உரக்க வாசித்தல். இதை அவசரப்படுத்தாதீர்கள், மற்ற எல்லாப் பகுதிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. வாசிப்பவர் முந்தைய இரவே கதையை இரண்டு முறையாவது வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்க வேண்டும்.

புத்தகத்தை மார்புக்கு நேராகப் பக்கவாட்டில் பிடியுங்கள். படம் குழந்தைகளைப் பார்க்கட்டும். வெளிச்சம் அவர்கள் முதுகுப்பக்கமிருந்து விழட்டும். கண்ணைக் கூசும் திசையில் உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் கவனம் சிதறிவிடும். அட்டையைக் காட்டி, 'இந்த ஆடு எங்கே ஏறி நிற்கிறது? ஏன் ஏறியிருக்கும்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர ஐந்து நொடி ஆகலாம், பத்து நொடி ஆகலாம். அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளாமல் நாமே பதில் சொல்லிவிடுவதுதான் பெரும்பாலான அமர்வுகளைக் கெடுக்கிறது. 'இறங்கத் தெரியாமல் நிற்கிறது' என்று ஒரு குழந்தை சொன்னால், 'இறங்கத் தெரியாமல் நிற்கிறதா? பயந்துகொண்டா, அடம்பிடித்துக்கொண்டா?' என்று அவள் சொல்லையே எடுத்து நீட்டுங்கள். பிறகு பக்கத்தைத் திருப்பி, வரியின்கீழ் விரலை ஓட்டியபடி, இயல்பான குரலில் வாசியுங்கள்.

இப்படி உரையாடியபடி வாசிப்பதை உரையாடல் வாசிப்பு என்கிறார்கள். குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதம் பெற்றோர் இந்த முறையில் வாசித்த சிறு குழந்தைகள் வழக்கம்போல் வாசிக்கப்பட்ட குழந்தைகளைவிடப் பேச்சுத்திறனில் முந்தியது தெரிந்தது. மூன்று வகைக் கேள்விகளை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: படத்தில் என்ன நடக்கிறது, இனி என்ன நடக்கும், உனக்கு இப்படி நடந்ததுண்டா? 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்ற கேள்வியை விட்டுவிடுங்கள்.

ஒரே கதையை ஒரு வாரம் வாசிப்பது தவறல்ல. குழந்தைகள் கேட்டால் மறுபடியும் வாசியுங்கள். மூன்றாம் நாள் அவர்களே வரிகளை உங்களோடு சேர்ந்து சொல்வார்கள். நான்காம் நாள் உங்கள் விரலைத் தள்ளிவிட்டுத் தங்கள் விரலை வைப்பார்கள்.

அடுத்த இருபத்தைந்து நிமிடம் படிவாரியான குழுக்கள். எழுத்து நிலையில் இருக்கும் பிள்ளைகளோடு ஒருவர் உட்காரட்டும். சொல் நிலையில் இருப்பவர்களோடு இன்னொருவர். சரளமாக வாசிப்பவர்கள் இருவர் இருவராகத் தாங்களே வாசிக்கட்டும். வகுப்பைக் கலைத்துவிட்டு நிலைக்கு ஏற்பக் குழுவாக்கும் இந்த முறையைப் பிரதம் இந்தியாவில் வளர்த்தெடுத்தது. பின்னர் அது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பரவியது.

எழுத்து நிலையில் உள்ளவர்களுக்கு அரிச்சுவடியை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிக்க வைக்காதீர்கள். தமிழை எடுத்துக்கொண்டால், 247 எழுத்துகளும் முடிந்த பிறகுதான் சொல் என்று காத்திருந்தால் குழந்தை அதற்குள் சலித்துப்போய்விடும். ப, ட, ம, ர, க, ல என்ற ஆறு எழுத்துகளும் மெய்க்குரிய புள்ளியும் தெரிந்தாலே படம், மரம், கடல், பகல், பட்டம், பக்கம், கப்பல் என்று வாசிக்க முடிகிறது. துணைக்கால் ஒன்றைச் சேர்த்ததும் கால், பாலம், மாடம், காகம் வந்துவிடுகின்றன. முதல் வாரத்திலேயே சொல்லை வாசித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி கிடைக்கும்படி எழுத்துகளைப் பொறுக்கி அடுக்குவதுதான் இங்குள்ள சூட்சுமம். எந்த மொழியானாலும் அதிகம் வரும் எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள்.

மீதி நேரம் புத்தகம் எடுப்பதற்கும் கொடுப்பதற்கும்.

படி 7: புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும்

நூலக அறிவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது: நூல்கள் பயன்பாட்டுக்கே. ஏழைக் குழந்தைகள் விஷயத்தில் இந்த விதிதான் அதிகம் மீறப்படுகிறது. கிழித்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள், விற்றுவிடுவார்கள் என்ற சந்தேகத்தில் புத்தகங்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகின்றன. கிழியத்தான் செய்யும். நூறு புத்தகங்கள் ஆண்டுக்குப் பத்து, பதினைந்து என்று குறைவதை முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். அதன்பின் ஒரு புத்தகம் காணாமல் போனால் யாரையும் கோபிக்கத் தேவையிருக்காது.

அபராதம் வேண்டவே வேண்டாம். அபராதத்துக்கு அஞ்சி வராமல் நிற்கும் முதல் குழந்தை நமக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்ட குழந்தையாகத்தான் இருக்கும். தொலைத்துவிட்டேன் என்று வந்து சொல்பவளுக்கு அன்றே வேறு புத்தகம் கொடுங்கள்.

இரவல் பதிவேடு எளிமையாக இருக்கட்டும்: தேதி, குழந்தையின் பெயர், புத்தகத்தின் எண், திரும்பி வந்த தேதி. பெரிய குழந்தைகளே இதை எழுதலாம். அதுவும் எழுத்துப் பயிற்சிதான். ஒவ்வொருவருக்கும் ஒரு துணிப்பை கொடுத்தால் வியர்வையிலிருந்தும் மழையிலிருந்தும் அட்டைகள் தப்பும்.

மாதம் ஒருநாள் பழுதுபார்க்கும் நாள். ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகங்களில் ஈரத்தால் அந்தப் பின் துருப்பிடித்து நடுத்தாள்கள் கழன்றுவிடும். துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு, நடு மடிப்பில் மூன்று துளையிட்டு, தடித்த நூலால் தையுங்கள்: ஊசியை நடுத்துளை வழியாக வெளியிலிருந்து உள்ளே நுழைத்து, மேல்துளை வழியாக வெளியே எடுத்து, கீழ்த்துளை வழியாக உள்ளே விட்டு, மறுபடி நடுத்துளையில் வெளியே கொண்டுவந்து முடிச்சுப் போட வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது வசப்பட்டுவிடும். தன் கையால் தைத்த புத்தகத்தை எந்தக் குழந்தையும் கிழிய விடுவதில்லை. ஒட்டும் டேப்பைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். நாளடைவில் மஞ்சளாகித் தாளையும் சேர்த்து உரிக்கும். புத்தகப் பெட்டியைத் தரையில் வைக்காமல் கல்லின்மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

படி 8: எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்

'எங்களுக்குப் படிப்பு வராது, நாங்கள் என்ன செய்ய முடியும்?' என்று ஒதுங்கும் பெற்றோரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: குழந்தை கொண்டுவரும் புத்தகத்தைக் கையில் வாங்குங்கள், படத்தைக் காட்டிக் கேள்வி கேளுங்கள், அவள் வாசிப்பதைப் பத்து நிமிடம் கேளுங்கள். கேட்க ஓர் ஆள் இருந்தால் குழந்தை வாசிக்கும். எழுத்து தெரியாதது இதற்குத் தடையே இல்லை.

பாட்டியும் தாத்தாவும் கதைகளின் களஞ்சியம். மாதம் ஒருமுறை அவர்களில் ஒருவரை அமர்வுக்கு அழைத்துக் கதை சொல்ல வையுங்கள். அதைக் கைப்பேசியில் பதிந்து, எழுதி, குழந்தைகளின் படங்களோடு புத்தகமாக்கி அவர் கையிலேயே கொடுங்கள். தன் பெயர் அட்டையில் இருப்பதைப் பேத்தி வாசித்துக் காட்டிய பிறகு அந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் வராமல் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

படி 9: சிதறிக் கிடக்கும் குடியிருப்புகள்

நடந்துவர முடியாத தூரத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் புத்தகம்தான் போக வேண்டும். இது புதிய யோசனை அல்ல. 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டுச் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போனது. கென்யாவின் வறண்ட வடகிழக்கில், நாடோடிக் குடும்பங்களின் குழந்தைகளுக்காக அந்நாட்டு தேசிய நூலகச் சேவை 1996இல் ஒட்டக நூலகத்தைத் தொடங்கியது. கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற பள்ளி ஆசிரியர் தன் இரண்டு கழுதைகளின் முதுகில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு மலையோர ஊர்களுக்குப் போனார். அந்தந்த நிலத்தில் ஏற்கெனவே எது நடமாடுகிறதோ அதையே நூலகம் பிடித்துக்கொண்டது. உங்கள் பகுதியில் அது சைக்கிளாக இருக்கலாம், படகாக இருக்கலாம், வாரச் சந்தைக்குப் போகும் வண்டியாக இருக்கலாம். விலை உயர்ந்த வாகனம் வாங்கினால் எரிபொருளும் பழுதும் புத்தகப் பணத்தைத் தின்றுவிடும்.

நடைமுறைக்கு மிக ஏற்றது சுழற்சிப் பெட்டி. நாற்பது புத்தகங்கள் கொண்ட தகரப் பெட்டி ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒன்று. ஆறு வாரத்துக்கு ஒருமுறை பெட்டிகள் இடம் மாறும். ஐந்து குடியிருப்புகளுக்கு ஐந்து பெட்டிகள் என்றால், ஒவ்வொரு குழந்தைக்கும் ஏழு மாதத்தில் இருநூறு புத்தகங்கள் கண்ணில் படும். பெட்டியின் மூடியில் உள்ளே இருக்கும் புத்தகங்களின் பட்டியலை ஒட்டிவையுங்கள். பெட்டியைக் கொண்டுபோகிறவர் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பாமல் அரைமணி நேரமாவது வாசித்துக் காட்டிவிட்டு வர வேண்டும்.

வெளியூருக்கு வேலை தேடிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு நான்கைந்து மெல்லிய புத்தகங்களைத் துணிப்பையில் போட்டு, திருப்பித் தரும் தேதியை எழுதாமல் கொடுத்தனுப்புங்கள்.

படி 10: கைப்பேசி, சூரிய விளக்கு

மின்சாரம் நிலையில்லாத ஊரில் சூரிய ஒளி விளக்கு ஒரு நல்ல முதலீடு. மாலை நேரம் முழுவதும் வாசிப்புக்குக் கிடைத்துவிடும். கைப்பேசியை வாசிப்பவர் கையில் மட்டும் வைத்திருங்கள்: கதையைத் தரவிறக்க, ஒலிப்பதிவு செய்ய, மற்ற ஊர் வாசிப்பாளர்களோடு பேச. குழந்தைக்குப் பக்கத்தைத் திருப்பும் அனுபவம் வேண்டும். ஐந்து பேருக்கு ஒரு திரை என்றால் ஒருவர் பார்க்க நால்வர் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

பின்தங்குபவர்களைக் கவனியுங்கள்

மாதங்கள் கடந்தும் எழுத்து பிடிபடாத குழந்தையை 'மந்தம்' என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் கண்ணைப் பாருங்கள். புத்தகத்தை மூக்குக்கருகே பிடிக்கிறாளா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாளா, தொலைவில் இருக்கும் படத்தைச் சொல்லத் தடுமாறுகிறாளா? அப்படியானால் அவளுக்கு வேண்டியது கண் பரிசோதனையும் கண்ணாடியும்தான். காதையும் அப்படியே கவனியுங்கள். பார்வையற்ற குழந்தை இருந்தால், அவளுக்கு ஏற்ற வடிவங்களில் நூல்களை ஆக்கவும் பகிரவும் 2013இல் கையெழுத்தான மராகேஷ் பன்னாட்டு உடன்படிக்கை பதிப்புரிமைத் தடையைத் தளர்த்தி வழிதிறந்திருக்கிறது என்பதை அறிந்து, உங்கள் நாட்டில் பிரெயில் நூல்களும் ஒலிநூல்களும் யாரிடம் கிடைக்கும் என்று விசாரியுங்கள்.

வராமல் நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்கு அந்த வாரமே போய்வருவது வாசிப்பாளரின் வேலையில் ஒரு பகுதி. காரணம் பெரும்பாலும் வீட்டுச் சூழலில் இருக்கும்: தாய்க்கு உடல்நலமின்மை, புதிதாகப் பிறந்த தம்பி, கடன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே வரலாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தத் தம்பிக்கும் கதை காதில் விழட்டும்.

எதை எண்ணுவது, எப்போது ஒப்படைப்பது

விழாவில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், எத்தனை புத்தகங்கள் வழங்கப்பட்டன என்ற கணக்கு நிதி கொடுப்பவர்களுக்குப் பிடிக்கும். உங்களுக்கு வேண்டிய கணக்கு வேறு: ஒரு குழந்தை மாதம் எத்தனை புத்தகங்கள் எடுத்தாள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குப் போயிருக்கிறாள், குறித்த நாள்களில் எத்தனை அமர்வுகள் உண்மையிலேயே நடந்தன. பதிவேட்டில் ஒரே ஒரு முறைகூட எடுக்கப்படாத புத்தகங்களை ஆண்டு முடிவில் வெளியே எடுத்து வேறு ஊர்ப் பெட்டியோடு மாற்றிக்கொள்ளுங்கள். அட்டை பிய்ந்துபோன புத்தகங்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எதை வாங்குவது என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

இரண்டாம் ஆண்டிலிருந்து பொறுப்பை ஊரிடம் நகர்த்தத் தொடங்குங்கள். தாய்மார் இருவர், ஆசிரியர் ஒருவர், வாசிப்பாளர்கள் இருவர், பெரிய குழந்தைகள் இருவர் கொண்ட சிறு குழு போதும். எந்த நாள் அமர்வு, எந்தப் புத்தகம் வாங்குவது, வாசிப்பாளர் விலகினால் யார் வருவது என்று அவர்களே முடிவு செய்யட்டும். வாசிக்கக் கற்ற மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்கு வாசித்துக் காட்டும் வழக்கத்தை அதற்குள் ஏற்படுத்தியிருந்தால் அடுத்த வாசிப்பாளரை வெளியே தேட வேண்டியிருக்காது. நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். ஒவ்வொரு முறையும் குழந்தைகள் எழுதி அனுப்பிய பட்டியலில் இருந்து வாங்கிய பத்துப் புதிய புத்தகங்கள் கையில் இருக்கட்டும். வாசிப்பாளர்களுக்கான மாதத் தொகைக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்காவது ஏற்பாடு செய்துவிட்டு விலகுங்கள்.